இரண்டு கொழுக் கலப்பையில் செய்த மாற்றம் உண்மையிலேயே பலன் தருகிறதா? எப்படிச் சோதிப்பது?

கேள்வியின் சாரம் இது: தாராபுரம் பக்கம் பட்டறை வைத்திருக்கிறீர்கள். 45 குதிரைத்திறன் டிராக்டருக்கான இரண்டு கொழு இறக்கைக் கலப்பையை (மோல்டுபோர்டு) மூன்று விதத்தில் மாற்றியிருக்கிறீர்கள். இறக்கையை (மண்ணைப் புரட்டும் வளைந்த தகடு) நீட்டியிருக்கிறீர்கள், கொழுவின் (மண்ணை வெட்டும் அலகு) சாய்வைக் குறைத்திருக்கிறீர்கள், கொழுவை லாரிப் பட்டை எஃகில் (லாரியின் ஸ்பிரிங் பட்டை) அடித்துச் செய்திருக்கிறீர்கள். வாங்கியவர்கள் “வண்டி லேசா இழுக்குது, டீசல் மிச்சம்” என்கிறார்கள். இதை நிரூபிப்பது எப்படி, கலப்பை வடிவத்துக்கு ஃபார்முலா இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த லேசு உண்மையானதா? உண்மையென்றால் மூன்று மாற்றங்களில் எதனால் வந்தது? இன்னொரு மண்ணிலும் அது நிற்குமா? நான் வேளாண் பொறியியல் படித்து, உழவுக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில், டீசலை அளப்பதற்கு முன் ஆழத்தை அளங்கள். புதுக் கலப்பை லேசாக இழுக்கிறது என்று சோதனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை, போய்ப் பார்த்தால், பழையதைவிட இரண்டு மூன்று செ.மீ. மேலாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய கலப்பை 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் வெட்டி 600 கிலோ இழுவை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய மண்ணின் குறுக்குப்பரப்பு 1200 சதுர செ.மீ. ஆகவே ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 கிலோ. உங்கள் கலப்பை அதே அகலத்தில் 510 கிலோதான் கேட்கிறது. 15 சதவீதம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் ஆழம் 16.5 செ.மீ. என்றால் பரப்பு 990 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 0.515 கிலோ வருகிறது. அதாவது உங்கள் கலப்பை எதையும் மிச்சப்படுத்தவில்லை, குறைவாக உழுதிருக்கிறது, அவ்வளவுதான். எனவே கலப்பைகளை ஒப்பிட வேண்டிய எண் மொத்த இழுவை அல்ல. வெட்டிய பரப்பால் வகுத்த இழுவை. அதைத் தன்னிழுவை என்று வைத்துக்கொள்வோம்.

இதை இன்னும் சிக்கலாக்குவது டிராக்டரின் ஹைட்ராலிக். டிராஃப்ட் கண்ட்ரோல் நெம்புகோலில் ஓட்டினால், இழுவை கூடும்போது வண்டி தானாகவே கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். இழுவை கூடிய கலப்பை மேலே ஏறும், குறைந்தது கீழே இறங்கும். ஓட்டுபவருக்கு எஞ்சின் சத்தம் இரண்டிலும் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் ஓட்டுபவர் சொல்லும் சாட்சியம், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஆழம் அளக்காதவரை போதாது. சோதனையின்போது பொசிஷன் கண்ட்ரோலில் (இழுவை எப்படி மாறினாலும் கலப்பையை ஒரே உயரத்தில் பிடித்து வைக்கும் நெம்புகோல்) வையுங்கள். கலப்பையில் ஆழச் சக்கரம் இருந்தால் இன்னும் நல்லது.

ஃபார்முலா பற்றி. கலப்பை இழுவைக்கு இன்றும் பயன்படும் நல்ல விளக்கம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் வேலை செய்த வாசிலி கோர்யாச்கின் தந்தது. இழுவையை அவர் மூன்றாகப் பிரித்தார். முதல் பங்கு கலப்பையின் எடையால் வரும் உராய்வு. மண்ணை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் இது இருக்கும். இரண்டாவது மண்ணை வெட்டி, நசுக்கி, குலைக்க ஆகும் பங்கு. இது அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கிய அளவுக்கு ஏற்பக் கூடும். மூன்றாவது மண்ணைத் தூக்கிப் பக்கவாட்டில் எறிய ஆகும் பங்கு. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். உங்கள் மாற்றங்களை இந்த மூன்றில் பொருத்திப் பாருங்கள். கொழுவின் சாய்வு இரண்டாம் பங்கைத் தொடுகிறது. இறக்கையின் நீளமும் வளைவும் மூன்றாம் பங்கைத் தொடுகின்றன, கூடவே மண் உரசும் பரப்பைக் கூட்டுகின்றன. லாரிப் பட்டைக்கு இழுவையோடு நேரடித் தொடர்பு கிடையாது; அது தேய்மானத்துக்கு மட்டும்தான்.

எண்ணாகவே வேண்டும் என்றால், அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் தர ஏட்டில் இறக்கைக் கலப்பைக்கு ஒரு எளிய சமன்பாடு இருக்கிறது. வேகத்தை (மணிக்குக் கி.மீ.) இருமடியாக்கி 5.1 ஆல் பெருக்கி 652ஐக் கூட்டுங்கள். அதை அகலம் (மீட்டர்), ஆழம் (செ.மீ.) இரண்டாலும் பெருக்குங்கள். களிப்பான மண்ணுக்கு அப்படியே, நடுத்தர மண்ணுக்கு 0.7 ஆல், மணற்பாங்கான மண்ணுக்கு 0.45 ஆல் பெருக்கினால் இழுவை நியூட்டனில் வரும். உங்கள் 60 செ.மீ. கலப்பை 20 செ.மீ. ஆழத்தில் 5 கி.மீ. வேகத்தில் ஓடினால் களிமண்ணில் ஏறக்குறைய 950 கிலோ, மணற்பாங்கான மண்ணில் 430 கிலோ. களிமண்ணில் வேகத்தை 8 கி.மீ. ஆக்கினால் இழுவை 1200 கிலோவைத் தொடும். இழுவை கூடுவது கால் பங்குதான். ஆனால் தேவைப்படும் திறன் 17 குதிரைத்திறனில் இருந்து 35க்குப் போய்விடும். 45 குதிரைத்திறன் வண்டி உழவு நிலத்தில் கொக்கியில் அவ்வளவு தராது. சரி, இந்தச் சமன்பாட்டை எவ்வளவு நம்பலாம்? அந்த ஏடே 40 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. ஆகவே வண்டிக்கு எத்தனை கொழு பொருந்தும் என்று முடிவு செய்ய இது உதவும். உங்கள் இறக்கை பக்கத்துப் பட்டறை இறக்கையைவிட 10 சதவீதம் சிறந்ததா என்பதைச் சொல்ல உதவவே உதவாது. அதற்கு வயலில் அளப்பதைத் தவிர வழியில்லை.

அளப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. இரண்டு டிராக்டர் முறை என்று ஒன்று உண்டு. கலப்பை மாட்டிய வண்டியை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை மட்டும் ஹைட்ராலிக்குக்காக ஓடவிட்டு, முன்னால் இன்னொரு வண்டியால் அதை இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இழுவையை அளக்கும் கருவி. ஆய்வு நிலையங்களில் அதற்கென்று லோடு செல் என்ற விசை உணரியும், எண்களைப் பதியும் கருவியும் இருக்கும். உங்களுக்கு இரும்புக் கடைகளில் எடை போடத் தொங்கவிடும் 2 அல்லது 3 டன் டிஜிட்டல் கிரேன் தராசு போதும். திரையில் எண் துள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் கண்ணால் படிக்க வேண்டாம். செல்போனில் வீடியோ எடுத்து, பிறகு சில விநாடிக்கு ஒருமுறை நிறுத்திப் படித்துச் சராசரி எடுங்கள். முதலில் கலப்பையைத் தூக்கிய நிலையில் அதே நிலத்தில் இழுத்து அளக்க வேண்டும், பிறகு இறக்கி உழுதபடி. இரண்டின் வித்தியாசம்தான் கலப்பையின் இழுவை. கயிறு முடிந்தவரை தரைக்கு இணையாக இருக்கட்டும். 10 டிகிரி சாய்ந்தால் பிழை ஒன்றரை சதவீதம்தான்; 20 டிகிரியில் 6 சதவீதம் ஆகிவிடும். இந்த முறைக்கு ஒரு குறை உண்டு: கலப்பை மண்ணுக்குள் இருக்கும்போது பின்சக்கரத்தில் விழும் பாரம் கொஞ்சம் மாறும், அதனால் உருளும் எதிர்ப்பும் மாறும். இரண்டு கலப்பைகளை ஒப்பிடும்போது இந்தப் பிழை பெரும்பாலும் இரண்டிலும் ஒரே பக்கமாக விழுவதால் கவலைப்பட வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: இழுவைக் கயிறோ தராசின் கொக்கியோ அறுந்தால் ஆளைக் கொல்லும் வேகத்தில் திரும்பும். இரண்டு வண்டிக்கும் நடுவிலோ கயிற்றின் பக்கத்திலோ யாரும் நிற்கக் கூடாது.

ஆழத்தை உழாத தரையின் மேல்மட்டத்தில் இருந்து சாலின் அடிவரை அளக்க வேண்டும். புரண்ட மண் பொங்கி நிற்கும். அதன் மேல் குச்சியை வைத்து அளந்தால் ஆழம் கூடுதலாகத் தெரியும். அகலத்துக்கு, சால் ஓரத்தில் இருந்து உழாத பக்கம் ஒரு மீட்டர் தள்ளி முளை அடித்துவிட்டு, கலப்பை போன பிறகு மீதி எவ்வளவு என்று பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பல இடங்களில் எடுக்க வேண்டும். அகலத்தை விட்டுவிடாதீர்கள். கலப்பை கோணலாக ஓடி 60க்குப் பதில் 52 செ.மீ. வெட்டினாலும் இழுவை குறைவாகத்தான் தெரியும், விவசாயிக்கோ சுற்று கூடும்.

அடுத்தது ஈரப்பதம். உங்கள் கலப்பைக்கும் பழையதுக்கும் உள்ள வித்தியாசத்தை முழுங்கிவிடும் சக்தி இதற்கு உண்டு. காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றும் ஓட்டி ஒப்பிட்டால் அதில் அர்த்தமில்லை. ஒரே வயலை நீளப் பட்டைகளாகப் பிரித்து, பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் ஓட்டுங்கள். வயலின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்கு மண் மாறுவதும் நேரம் போகப் போகக் காய்வதும் இரண்டுக்கும் சமமாகப் பங்காகிவிடும். அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே கியர், அதே ஆக்ஸிலேட்டர் நிலை. ஒவ்வொரு பட்டையிலும் கலப்பை ஓடும் ஆழத்தில் இருந்து மண் எடுத்து மூடிய டப்பாவில் வைத்து, எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். பக்கத்தில் வேளாண் கல்லூரியோ மண் ஆய்வுக்கூடமோ இருந்தால் செய்து தருவார்கள். வயலிலேயே பதம் பார்க்க, மண்ணை உள்ளங்கையில் உருட்டித் திரியாக்குங்கள். 3 மி.மீ. தடிமனுக்கு வரும்போது உடைந்தால் அது குழைவு எல்லை. அதைவிடச் சற்றே காய்ந்த நிலையில்தான் மண் குறைந்த இழுவையில் நன்றாகப் பொலபொலக்கும். இது பல மண்களில் உறுதியான விஷயம். அந்தப் பதம் தவறிக் காய்ந்துபோன செம்மண்ணில் சோதித்துவிட்டு, முடிவைக் கலப்பையின் தலையில் கட்டக் கூடாது.

இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்: உங்கள் வாடிக்கையாளர்கள் எதோடு ஒப்பிட்டார்கள்? தேய்ந்த பழைய கொழு உள்ள கலப்பையோடு ஒப்பிட்டிருந்தால், எந்தப் புதுக் கொழுவைப் போட்டாலும் லேசாகத்தான் இருக்கும். மழுங்கிய கொழு மண்ணை வெட்டாமல் தள்ளும், மண்ணுக்குள் இறங்க மறுக்கும். எனவே சோதனையில் இரண்டு கலப்பையிலும் புதுக் கொழு இருக்க வேண்டும். கலப்பையைச் சமதளத்தில் வைத்தால் பக்கத் தகட்டின் (சாலின் சுவரை ஒட்டி ஓடும் தகடு) அடியில் தெரியும் சிறு இடைவெளிதான் கலப்பையைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. டிராக்டர் கலப்பையில் இது வழக்கமாக 3 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். இரண்டிலும் அளந்து ஒன்றாக வையுங்கள். டாப் லிங்க் (கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் திருகு கம்பி) நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திருகினாலே கலப்பையின் சாய்வும் ஆழமும் மாறிவிடும்.

டீசல் அளவுக்கு டேங்க் நிரப்பும் முறை எளிது. சமதளமான ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, கழுத்துவரை நிரப்பி, உழுதுவிட்டு வந்து, அதே இடத்தில் அதே அளவுக்கு அளவுகுவளையால் நிரப்புங்கள். ஒரு கலப்பைக்கு ஒரு ஏக்கராவது ஓட்டுங்கள். அதற்குக் குறைந்தால் நிரப்பும்போது வரும் பிழையே வித்தியாசத்தைவிடப் பெரிதாகிவிடும். கூடவே சக்கரச் சறுக்கலையும் பாருங்கள். பின்டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு 10 சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது, உழும்போது எவ்வளவு என்று அளக்க வேண்டும். 40 மீட்டர் 34 மீட்டராகக் குறைந்தால் சறுக்கல் 15 சதவீதம். 8 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் நல்லது, அதைத் தாண்டினால் டீசல் டயரைத் தேய்க்கத்தான் போகிறது. இழுவை 10 சதவீதம் குறைந்தால் டீசலும் 10 சதவீதம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். எஞ்சின் சும்மா சுற்றவும் வண்டி தன்னையே நகர்த்தவும் ஆகும் செலவு அப்படியே இருக்கும்.

இழுவையும் டீசலும் பாதிக் கதைதான். கலப்பை என்ன வேலை செய்தது என்பது மீதிப் பாதி, பட்டறைக்காரர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். ஒரு சதுர மீட்டர் சட்டத்தைப் போட்டு உழுவதற்கு முன் களையையும் அறுவடைத் தாளையும் எண்ணுங்கள், உழுத பின் வெளியே தெரிவதை எண்ணுங்கள். எவ்வளவு புதைந்தது என்று தெரியும். கட்டிகளைச் சல்லடையில் அளவு வாரியாகப் பிரித்து எடை போட்டுச் சராசரி விட்டம் கணக்கிடுங்கள். நீட்டிய இறக்கை மண்ணை மெதுவாகத் திருப்பும், அதனால் நன்றாகப் புரட்டும், ஆனால் குறைவாக உடைக்கும். குட்டையான, செங்குத்தாக எழும் இறக்கை நன்றாக உடைக்கும், இழுவை கூடுதலாகக் கேட்கும். பெரிய கட்டிகளை விட்டுப்போனால் அடுத்து வரும் ரொட்டவேட்டர் கூடுதலாக ஒரு ஓட்டம் ஓட வேண்டியிருக்கும், அங்கே மிச்சம் பிடித்த டீசல் முழுவதும் போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கலப்பையின் டீசலை மட்டும் விளம்பரப்படுத்த மாட்டேன். கலப்பையில் தொடங்கி விதைப்புக்கு நிலம் தயாராகும்வரை ஏக்கருக்கு ஆன மொத்த டீசலைத்தான் சொல்வேன். விவசாயி காசு கொடுப்பது அதற்குத்தான்.

இனி மூன்று மாற்றங்கள். கொழுவின் சாய்வைக் குறைத்தால் இழுவை குறையும் என்பது உறுதியாகத் தெரிந்தது. மண்ணை வெட்டும் எந்தத் தகட்டிலும் சாய்வு 45 டிகிரியைத் தாண்டினால் இழுவை வேகமாக ஏறும், 20–30 டிகிரியில் குறைவாக இருக்கும். ஆகவே உங்கள் லேசில் உண்மை இருந்தால் அதன் பெரும்பங்கு இதில் இருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இறக்கையை நீட்டியது சந்தேகத்துக்குரியது. உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் உதவலாம்; கரிசலில், அதுவும் ஈரம் இருக்கும்போது, நீண்ட இறக்கையில் மண் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு மண் மேல் மண் உரசுகிறது, இழுவை ஏறிவிடும். 1837இல் அமெரிக்காவின் இல்லினாயில் ஜான் டீர் இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டார்: வார்ப்பிரும்புக் கலப்பையில் புல்வெளி மண் ஒட்டிக்கொண்டு, உழவர்கள் நிறுத்தி நிறுத்திச் சுரண்ட வேண்டியிருந்தது. உடைந்த மர அறுவை வாளின் வழவழப்பான எஃகில் அவர் கலப்பை செய்தார், மண் தானாக வழுக்கி விழுந்தது. ஒட்டும் மண்ணுக்கு இன்று முழுத் தகட்டுக்குப் பதில் பட்டைகளாகப் பிரித்த இறக்கை செய்கிறார்கள். ஒட்டும் பரப்பு குறைகிறது. கரிசல் விவசாயிகளுக்கு விற்பதாக இருந்தால் அதைச் செய்து பாருங்கள், முகத்தை நன்றாக மெருகேற்றுங்கள். பெயின்ட் அடித்த இறக்கையைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டாம், முதலில் மணலில் ஓட்டிப் பளபளப்பாக்குங்கள்.

மூன்றையும் ஒரே கலப்பையில் செய்துவிட்டதால் எது உதவியது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய இறக்கையில் புதுக் கொழு, புது இறக்கையில் பழைய கொழு என்று மாற்றி மாட்டி ஓட்டினால்தான் தெரியும். அதற்கு உங்கள் பட்டறையில் ஒவ்வொரு இறக்கையும் ஒரே வளைவில் வர வேண்டும். சுத்தியலால் கண்பார்த்து வளைத்தால் சோதித்த கலப்பை ஒன்று, விற்கும் கலப்பை வேறொன்று. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் எழுதி, 1798இல் அமெரிக்க தத்துவக் கழகத்தில் வாசிக்கப்பட்ட கலப்பைக் குறிப்பில் எனக்குப் பிடித்த பகுதி, குறைந்த எதிர்ப்புள்ள வடிவம் என்ற அவருடைய கணிதம் அல்ல. சாதாரணத் தச்சர் யாரும் அதே வளைவை அச்சுப் பிசகாமல் மறுபடி செதுக்கும் வழியை அவர் படிப்படியாகக் கொடுத்திருந்தார். நீங்கள் தடித்த தகட்டில் நாலைந்து வளைவுச் சட்டங்கள் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இறக்கையையும் குறிப்பிட்ட இடங்களில் அதோடு பொருத்திப் பாருங்கள்.

லாரிப் பட்டை நல்ல எஃகுதான். ஆனால் அடுப்பில் காய்ச்சி வளைத்தவுடன் அதில் முன்பிருந்த தோய்ச்சல் (காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து ஏற்றிய கடினம்) போய்விடும். மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமாகச் சூடாக்கித் தளர்த்தினால்தான் கடினமும் வரும், கல்லில் அடிபட்டால் உடையாமலும் இருக்கும். செம்மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் தோய்த்த எஃகைவிடக் கடினமானது, எனவே தேயாத கொழு என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கொழுவைக் கழற்றி, கழுவி, எடை போட்டு, குறித்த ஏக்கர் உழுத பின் மறுபடி எடை போடுங்கள். ஏக்கருக்கு எத்தனை கிராம் தேய்ந்தது என்பதுதான் தேய்மானத்தின் எண். கடையில் வாங்கிய கொழுவை ஒரு பக்கமும் உங்களுடையதை மறு பக்கமும் மாட்டி, பாதியில் இடம் மாற்றி ஓட்டினால் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

மகசூல் கூடியது என்று சிலர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை விற்பனைப் பேச்சில் சேர்க்க வேண்டாம். ஒரு பருவத்தின் மகசூலை மழையும் விதையும் உரமும் தீர்மானித்துவிடுகின்றன. அதில் இருந்து கலப்பையின் பங்கைத் தனியாகப் பிரிக்கப் பல பருவம், பல வயல் வேண்டும். அடிமண் இறுகிய நிலத்தில் ஆழ உழவு பலன் தரும் என்பது வேறு விஷயம். அதற்குத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உளிக் கலப்பையை (மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறுவது) அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓட்டச் சொல்கிறது. இறக்கைக் கலப்பை அந்த வேலையைச் செய்யாது. வருடா வருடம் ஒரே ஆழத்தில் ஓட்டினால் சாலின் அடியில் இறுக்கத்தை அதுவே உண்டாக்கவும் கூடும்.

பெரிய அளவில் விற்கப் போகிறீர்கள், மானியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றால் உங்கள் சொந்த அளவுகள் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் அறிக்கை வேண்டும். தென்னிந்தியாவுக்கு மத்திய அரசின் நிலையம் ஆந்திராவில் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் இருக்கிறது. அங்கே அனுப்பும் முன் மேலே சொன்ன சோதனையை உங்கள் ஊரிலேயே ஒரு செம்மண் வயலிலும் ஒரு கரிசல் வயலிலும் செய்துவிடுங்கள். ஆழம், அகலம், வேகம், ஈரம், இழுவை ஆகியவற்றைப் பட்டை வாரியாக எழுதி இங்கே போட்டால், தன்னிழுவை வித்தியாசம் வயலின் ஏற்ற இறக்கத்தைத் தாண்டி நிற்கிறதா என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். பழைய கலப்பைக்குள்ளேயே பட்டைக்குப் பட்டை 8 சதவீதம் மாறுகிறது, புதியது அதைவிட 5 சதவீதம்தான் குறைவு என்று வந்தால், இரண்டும் சமம் என்றுதான் சொல்வேன்.